சலப்பை அழற்சி என்றார்கள். அடுத்து என்ன கேட்பது?

சலம் சிவப்பாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, “சலப்பையில் அழற்சி, மருந்து தாறம்” என்கிறார்கள். ஒரு கிழமை குளிசை போட்டதும் நிறம் தெளிந்துவிடுகிறது. இதோடு விட்டுவிடலாமா?

பலர் விடலாம், சிலர் விடக்கூடாது. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று கண்டுகொள்ள உதவத்தான் இதை எழுதுகிறேன். அழற்சியைப் புற்றுநோய் என்று எண்ணி ஒரு குடும்பமே சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடப்பதும் உண்டு. புற்றுநோயை அழற்சி என்று எண்ணி ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் இந்தக் குழப்பத்துக்குப் போர் விட்டுப்போன ஒரு காரணமும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில், சலப்பை எது? இரண்டு சிறுநீரகங்களும் வடித்து அனுப்பும் சலம் அடிவயிற்றில் ஒரு தசைப் பையில் வந்து தேங்குகிறது. அதுதான் சலப்பை (சிறுநீர்ப்பை). அதன் உட்பக்கத்தை ஒரு மெல்லிய படை மூடியிருக்கிறது. சலப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அந்தப் படையில்தான் தொடங்கும். அழற்சி (சிவந்து, வீங்கி, நோகும் நிலை) வருவதும் அதே படையில்தான். இரண்டும் இருக்கும் இடம் ஒன்று என்பதால் அறிகுறிகளும் ஒன்றாகிவிடுகின்றன: அடிக்கடி முட்டும், போகும்போது எரியும், சலத்தில் இரத்தம் வரும்.

வித்தியாசமே இல்லையா? ஓரளவுக்கு உண்டு. நோவில்லை, காய்ச்சலில்லை, சலம் மட்டும் இரத்தமாகப் போகிறது என்றால் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவேண்டும். கிருமித்தொற்று என்றால் சலக்கடுப்பும் எரிவும் கூடவே வரும். ஆனால் இதை வைத்துக் கோடு கிழித்துவிட முடியாது. கட்டியாகத் திரளாமல் உட்படையிலேயே தட்டையாகப் பரவும் ஒருவகைப் புற்று இருக்கிறது. அது தொடக்கத்தில் கடுப்பையும் எரிவையும்தான் கொடுக்கும். ஆறு மாதமாக ‘சலக்கடுப்பு’ மருந்து குடித்தும் மாறாதவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான்.

“இரத்தம் தானாக நின்றுவிட்டதே?” அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். புற்றுக்கட்டி ஓயாமல் இரத்தம் கசியாது. ஒருநாள் போகும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் அன்ரிபயோட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து) எடுத்திருந்தால், அதுதான் சுகமாக்கியது என்று படும். நெருஞ்சிக் குடிநீர் குடித்திருந்தால் நெருஞ்சிக்குப் பேர் போகும். உண்மையில் இரத்தம் நின்றது இவை எதனாலும் அல்ல.

கண்ணால் தெரியும்படி இரத்தம் போனவர்கள் எல்லாருக்கும் புற்றுநோயா? இல்லை. மேல்நாட்டு மருத்துவமனைகளில் இப்படி வந்தவர்களை முழுமையாகப் பரிசோதித்தபோது, பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் புற்று இருந்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கல், தொற்று, ஆண்களுக்கு வயதோடு வரும் புரொஸ்டேட் (சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம் போன்றவை. எட்டுப் பேர் நிம்மதியாக வீடு திரும்பும் பரிசோதனை இது. பயந்து போகாமல் விடுவதில் அர்த்தமில்லை.

யார் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்? நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அதைவிட முக்கியமாக, பீடி, சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்கள், பிடித்து விட்டவர்கள். “புகை நெஞ்சைத்தானே பழுதாக்கும்?” என்று கேட்பீர்கள். புகையிலுள்ள நச்சு நெஞ்சிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. அங்கிருந்து சிறுநீரகம் அதை வடித்துச் சலத்தில் விடுகிறது. அந்தச் சலம் மணிக்கணக்காகத் தேங்கி நிற்பது சலப்பையில். புகைப்பவருக்குச் சலப்பைப் புற்று வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. சாயம், இறப்பர், சில வகை இரசாயனங்களோடு வருடக்கணக்காக வேலை செய்தவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்வார்கள்.

பெண்கள் தனியாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தப் புற்று ஆண்களுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம். அதனாலேயே பெண்ணுக்கு இரத்தம் போனால், மாதவிலக்கு என்றோ தொற்று என்றோ சொல்லித் திரும்பத் திரும்ப மருந்து கொடுப்பது உலகெங்கும் நடக்கிறது. பெண்களுக்கு நோயைக் கண்டுபிடிக்கப் பிந்துவதும் அதனால்தான். மாதவிலக்கு நின்ற ஒரு பெண்ணுக்கு இரத்தம் போனால், சலத்தோடு வருகிறதா, கருப்பை வழியாக வருகிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டையுமே விடக்கூடாது.

சிவப்பெல்லாம் இரத்தமா? பீற்றூட் சாப்பிட்ட மறுநாள் சலம் சிவக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் றிஃபாம்பிசின் குளிசை சலத்தைச் செம்மஞ்சளாக்கும். சித்திரை வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காதவருக்குச் சலம் தேயிலைச் சாயம்போல இருக்கும். ஆனால் வயல் வேலைக் காலத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு ஆகியவற்றோடு சலம் கறுத்தாலோ குறைந்தாலோ அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அப்போது இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது சலப்பைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இனிச் சலப் பரிசோதனைக்கு வருவோம். நம் ஆஸ்பத்திரிகளில் இதை யூ.எஃப்.ஆர். (சலத்தின் முழு அறிக்கை) என்பார்கள். அந்தத் துண்டில் ‘பஸ் செல்ஸ்’ என்றிருப்பது சீழ் அணுக்கள், ‘றெட் செல்ஸ்’ என்றிருப்பது இரத்த அணுக்கள். எண்ணிக்கைக்குப் பதிலாக ‘ஃபீல்ட் ஃபுல்’ என்று எழுதியிருந்தால், நுணுக்குக்காட்டியில் பார்த்த இடமெல்லாம் அதுவே நிறைந்து எண்ணமுடியாமல் இருந்தது என்று பொருள்.

சீழ் அணு நிறைய இருந்தால் தொற்று என்று உறுதியா? அரைகுறை உறுதிதான். சீழ் அணு என்பது அழற்சியின் அடையாளம். அந்த அழற்சி கிருமியாலா, கல்லாலா, சலம் வடிக்கப் போட்ட குழாயாலா, புற்றாலா என்று அது சொல்லாது. கிருமியா என்று சொல்வது ‘கல்ச்சர்’ (சலத்தைத் தட்டில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது). பாமசியில் சொல்லி நாலு குளிசை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால், அந்தத் தட்டில் எதுவும் வளராமல் போகலாம். எனவே அன்ரிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்பே சலம் கொடுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடியுங்கள். பெண்கள் கழுவிவிட்டுப் பிடிக்கவேண்டும்.

கிருமி வளர்ந்தது, மருந்து எடுத்தேன், சுகம். பிறகும் போகவேண்டுமா? ஒரு முறை போங்கள். மருந்து முடிந்து ஒரு மாதமளவில் இன்னொரு யூ.எஃப்.ஆர். செய்யவேண்டும். இரத்த அணு இல்லையென்றால் கதை முடிந்தது. இருந்தால், தொற்று அந்த இரத்தத்துக்கு முழுக் காரணம் அல்ல. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பரிசோதனைதான் முதலாவதைவிடப் பெறுமதியானது. ஆனால் சுகமான மனிதர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக விரும்பமாட்டார் என்பதால், அதிகம் தவறிப்போவதும் இதுதான். “இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் எடுக்கிறேன், அதனால்தான்” என்பதும் போதிய பதில் அல்ல. அந்த மருந்து இரத்தத்தை இலகுவாக வரவைக்கலாம், எங்கிருந்து வருகிறது என்பதை அப்போதும் தேடத்தான் வேண்டும்.

சீழ் அணு நிறைய இருக்கிறது, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. இது என்ன? ஏற்கெனவே அன்ரிபயோட்டிக் எடுத்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் காசநோயை நினைக்கவேண்டும். காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதல்ல. சிறுநீரகத்தில் தங்கி, சலத்தோடு இறங்கிச் சலப்பையையும் பிடிக்கும். அந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சர் தட்டில் வளராது. சலப்பை சுருங்கச் சுருங்க, அரை மணிக்கொரு தரம் போகவேண்டி வரும். இரத்தமும் போகும். சல வழியால் கமரா விட்டுப் பார்த்தால் சிவந்த புண்ணாக, சில வேளை கட்டிபோலவும் தெரியும். பார்த்தவர் புற்று என்று நினைப்பதில் வியப்பில்லை.

இதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். காலையில் எழும்பியதும் போகும் முதல் சலத்தை மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். வளர்த்துப் பார்க்கும் முறையில் முடிவு வரப் பல கிழமைகள் பிடிக்கும். ஜீன் எக்ஸ்பேர்ட் (கிருமியின் மரபுக்கூற்றைத் தேடும் கருவி) இருந்தால் சீக்கிரம் தெரியும். காசநோய் என்று தெரிந்தால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம், வழக்கமாக ஆறு மாதம். உங்களுக்கோ, ஒரே வீட்டில் இருந்தவருக்கோ எப்போதாவது சயரோகம் (காசநோய்) வந்திருந்தால், முகாமில் இருந்த காலத்தில் வந்ததென்றாலும், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

போர் விட்டுப்போன காரணம் என்று முதலில் சொன்னேனே, இப்போது அதற்கு வருவோம்: சலம் வடிக்கச் சலப்பைக்குள் விட்டுவைக்கும் குழாய். 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. செல்லிலும் குண்டுவீச்சிலும் முள்ளந்தண்டு வடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு) அறுபட்டவர்கள் அதற்குப் பிறகும் வாழ்கிறார்கள். பலர் வீட்டில் இருக்கிறார்கள், சிலர் மாங்குளத்திலுள்ள ‘உயிரிழை’ போன்ற அமைப்புகளோடு சேர்ந்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதபோது சலம் முட்டுவது தெரியாது, நினைத்த நேரத்தில் விடவும் முடியாது. எனவே குழாய். அன்றைக்குக் குழாய் போட்டவர்களுக்கு இன்றைக்குப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது.

பதினைந்து வருடம் ஒரு குழாய் உள்ளே இருந்தால் என்ன நடக்கும்? மண்வெட்டிப் பிடி பட்டுப் பட்டு உள்ளங்கை காய்த்துப்போவதுபோல, குழாய் உரசும் இடத்தில் சலப்பையின் உட்படை தடித்துத் தோல்போல மாறுகிறது. பக்கத்தில் சிவந்த மொட்டு மொட்டான வீக்கங்களும் வரும். ஸ்கானில் ‘சலப்பைச் சுவர் தடித்திருக்கிறது’ என்று எழுதுவார்கள். பார்த்தவுடன் புற்றுபோலத் தெரியும் இந்த வீக்கங்கள் பெரும்பாலும் வெறும் அழற்சிதான். குழாயை எடுத்துவிட்டால் மெல்ல மெல்ல வற்றிவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். மிகச் சிலருக்கு, அதுவும் பத்து வருடத்துக்கு மேல் குழாயோடு இருந்தவர்களுக்கு, அந்தத் தடித்த படையே புற்றாக மாறுகிறது. முள்ளந்தண்டுக் காயக்காரர் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு என்பது பொதுவான கணக்கு. ஆகவே படுக்கையில் கிடந்து பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் வரும்போது மற்றவர்களைவிட இளவயதில் வருகிறது, பிந்தித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஏன் பிந்துகிறது? இரண்டு காரணம். நோ தெரியாது என்பது ஒன்று. மற்றது, குழாய் வைத்திருப்பவரின் சலத்தில் கிருமி எப்போதும் இருக்கும். எந்த நாளில் கல்ச்சர் செய்தாலும் ஏதாவது வளரும். இரத்தம் போகிறது என்று போனால் கல்ச்சர் செய்வார்கள், கிருமி வளரும், “தொற்று” என்று அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள். அடுத்த மாதமும் இதே கதை. ஒவ்வொரு முறையும் சொன்னது பொய்யல்ல, ஆனால் இரத்தத்துக்குக் காரணம் அது என்று யாரும் நிரூபிக்கவில்லை. காய்ச்சலோ நடுக்கமோ உடல் வாட்டமோ இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால், பொதுவாக அதற்கு மருந்து தேவையுமில்லை. தேவையில்லாமல் எடுத்தால், தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது.

குழாய் மாற்றும்போது கொஞ்சம் இரத்தம் வருவது பரவாயில்லையா? பரவாயில்லை. உரசலில் வருவது ஒரு நாளில் தெளிந்துவிடும். அதற்கு மேலும் நின்றால், மாற்றாத நாளிலும் வந்தால், வழக்கத்தைவிட அடிக்கடி குழாய் அடைத்தால், குழாயின் ஓரத்தால் புதிதாக ஒழுகத் தொடங்கினால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால், கமரா விட்டுப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். அடைப்புக்குச் சலப்பைக் கல்லும் காரணமாகலாம். குழாய் உள்ளவருக்குக் கல் எளிதில் கட்டும், கல்லும் இரத்தம் வரவைக்கும். ஒரு ஸ்கானோ எக்ஸ்றேயோ அதைக் காட்டிவிடும்.

இதைக் கவனிக்கவேண்டியவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. பையை வெறுமையாக்கும் மனைவியோ தாயோ சகோதரியோதான். அக்கா, அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பையை ஊற்றும்போது வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். சிவப்பைக் கண்டால் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். “இடைக்கிடை போகும் டொக்டர்” என்பதற்கும், “இந்த இரண்டு மாதத்தில் ஐந்து தரம் போனது, இதுதான் திகதி” என்பதற்கும் வைத்தியர் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும்.

இன்னொன்று அவசரமானது. நெஞ்சுயரத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குத் திடீரென்று கடும் தலையிடி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுவது என்று வந்தால், இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். அடிக்கடி காரணம், குழாய் அடைத்துச் சலப்பை வீங்கியிருப்பது. ஆளை நிமிர்த்தி இருத்துங்கள். குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். சரிவராவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

குழாய் இல்லாமல் இருக்க வழியில்லையா? கை வேலை செய்பவருக்கு உண்டு. 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜக் லப்பிடெஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குழாயை உள்ளே விட்டுவைக்காமல், நாளுக்கு நாலைந்து முறை சுத்தமான கையால் தானே விட்டுச் சலத்தை வடித்ததும் எடுத்துவிடும் முறையை எழுதினார். அன்றைக்குப் பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் முதல் தெரிவு அதுதான். உரசல் குறைவு, கல் குறைவு, தொற்றுக் குறைவு. நிரந்தரக் குழாயோடு இருக்கும் உங்கள் வீட்டாருக்கு இது பொருந்துமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வேறு எந்த அழற்சிகள் புற்றுபோல வேடம் போடும்? கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு, மாதங்கள் கழித்தும் வருடங்கள் கழித்தும் சலப்பையில் இரத்தம் கசியலாம். பழைய புற்று திரும்பி வந்ததோ என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது கதிர் பட்ட இடத்தின் புண். அப்படியென்றாலும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சைக்குளோபொஸ்பமைட் என்ற மருந்தைச் சில புற்றுநோய்களுக்கும் மூட்டு, சிறுநீரக நோய்களுக்கும் கொடுப்பார்கள். அது சலப்பையில் இரத்த அழற்சியையும் உண்டாக்கும், நீண்ட காலத்தில் புற்று வரும் வாய்ப்பையும் கூட்டும். முன்பு எடுத்திருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டிய மருந்து இது. தொற்றே இல்லாமல் சலப்பை நிரம்ப நிரம்ப நோகும் இன்னொரு வகை உண்டு. அதில் தெரியும் சிவந்த திட்டுகளை 1915அளவில் பால்ற்றிமோரில் ஹன்னர் என்பவர் விவரித்தார். அந்தத் திட்டும் தட்டைப் புற்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சதை எடுத்துப் பார்த்தால்தான் பிரியும்.

இடது தோளில் பீ.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு உங்களுக்கு இருக்கும். காசநோய்த் தடுப்புக்குப் பிறந்தவுடன் போடுவது. அதே பீ.சி.ஜி. மருந்தைச் சலப்பைக்குள் விட்டுப் புற்றைக் கட்டுப்படுத்தலாம் என்று 1976இல் கனடாவில் அல்வரோ மொராலெஸ் காட்டினார். இன்றும் ஆரம்ப நிலைப் புற்றில் முக்கிய சிகிச்சை அது. அது வேலை செய்வதே சலப்பையில் அழற்சியைக் கிளப்பித்தான். ஆகவே சிகிச்சைக்குப் பிறகு கமரா விட்டால் உள்ளே சிவப்புத் திட்டுகள் தெரியும். புற்று மிச்சமிருக்கிறதா, மருந்தின் சிவப்பா என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். இந்தச் சிகிச்சை எடுத்தவர் வேறு எந்த ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு போனாலும் “சலப்பைக்குள் பீ.சி.ஜி. விட்டது” என்று முதலிலேயே சொல்லவேண்டும்.

“குளத்தில் குளிப்பதால் வருமா?” இந்தக் கேள்வி இணையத்தில் படித்த பிள்ளைகளிடமிருந்து வருகிறது. நன்னீரில் வாழும் ஒரு புழு உடம்புக்குள் புகுந்து சலப்பையில் முட்டையிட்டு அழற்சியையும் புற்றையும் உண்டாக்குவது உண்மை. அந்தப் புழுவை 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் கண்டுபிடித்தார். எகிப்தில் ஒரு காலத்தில் சலப்பைப் புற்றுக்கு அதுவே பெரிய காரணமாக இருந்தது. சலப்பையைப் பிடிக்கும் அந்த வகை இலங்கையில் பரவியிருக்கவில்லை. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் அந்தப் பயமில்லாமல் குளிக்கலாம். ஆபிரிக்காவிலோ மத்திய கிழக்கிலோ ஆற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி வேலை செய்துவிட்டு வந்தவர் மட்டும் அதை வைத்தியரிடம் சொல்லட்டும்.

“வவுனியாவில் சிறுநீரக நோய் கூட என்கிறார்களே, அது இதுவா?” இல்லை. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வது சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழப்பதை. அந்தக் கிளினிக்கில் சலத்தில் புரதமும் இரத்தத்தில் கிரியற்றினினும் பார்ப்பார்கள். அங்கே ஒழுங்காகப் போகிறீர்கள் என்பதால் சலப்பையையும் பார்த்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இரத்தம் போனால் தனியாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்து எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை: ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து ஆகிய கொடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சலப் பாதையில் புற்றையும் உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட விடயம். குடிநீரில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, உறுதியாகச் சொல்ல என்ன செய்வார்கள்? முதலில் ஸ்கான். சலப்பை நிறையச் சலம் இருக்கும்போதுதான் உட்சுவர் விரிந்து தெரியும், எனவே தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போங்கள். ஆனால் சின்னக் கட்டியும் தட்டைப் புற்றும் ஸ்கானில் தப்பிவிடும். “ஸ்கான் நல்லம்” என்றால் சலப்பை நல்லம் என்று ஆகாது. சலத்தில் உதிரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் உண்டு. மோசமான வகைப் புற்றை அது நன்றாகக் காட்டும், மெதுவான வகையைத் தவறவிடும். அழற்சி இருந்தால் கலங்கள் உருமாறி, புற்றா இல்லையா என்று சொல்லமுடியாத நிலையில் நிற்கும்.

முடிவு சொல்வது சிஸ்ரொஸ்கொப்பி (சல வழியால் சின்னக் கமரா விட்டுப் பார்ப்பது). விறைக்கும் ஜெலியைத் தடவுவார்கள். மெல்லிய குழாய் போகும்போது ஆண்களுக்கு ஓரிடத்தில் கொஞ்சம் கடுப்பாக இருக்கும். பிறகு உப்புத் தண்ணீர் உள்ளே ஓடுவதால் குளிர்ந்து, சலம் முட்டுவதுபோல இருக்கும். பார்த்து முடிப்பது சில நிமிடத்தில். அடுத்த ஓரிரு நாள் எரியும், சலம் இளஞ்சிவப்பாகப் போகும், தண்ணீர் குடித்தால் தெளியும். இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, போகமுடியாமல் அடைத்தாலோ, குளிர்க் காய்ச்சல் வந்தாலோ திரும்பிப் போகவேண்டும்.

அன்றைக்கென்று போனால், “தொற்று இருக்கு, இன்றைக்குச் செய்யேலாது” என்று திருப்பி அனுப்பக்கூடும். கோபப்பட வேண்டாம். தொற்றுள்ள சலப்பை முழுக்கச் சிவந்திருக்கும், எதையும் பிரித்துப் பார்க்கமுடியாது. கிருமி இரத்தத்தில் ஏறும் ஆபத்தும் உண்டு. ஆனால் புதுத் திகதி வாங்காமல் வெளிக்கிடாதீர்கள்.

சந்தேகமான இடத்தில் சதைத் துண்டு எடுத்து இழையப் பரிசோதனைக்கு (நுணுக்குக்காட்டியில் சதையைப் பார்ப்பதற்கு) அனுப்புவார்கள். அங்கே இருப்பவர் உங்களைக் காண்பதில்லை. துண்டோடு போகும் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்குத் தெரியும். பழைய சயரோகம், பதினைந்து வருடக் குழாய், கதிர்ச் சிகிச்சை, பீ.சி.ஜி. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அழற்சியால் உருமாறிய கலம் புற்றாகப் படலாம். அதனால் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, துண்டு எடுக்கும் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கிருந்து சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் (சலப்பையையும் சலப் பாதையையும் பார்ப்பவர், சிறுநீரகச் செயலிழப்பைப் பார்க்கும் வைத்தியர் வேறு) அனுப்புவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, வவுனியாக்காரருக்கு அனுராதபுரமும் கிட்ட. புற்று என்று உறுதியானால் 2013இல் திறந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையோ மகரகமவோ. கண்டுபிடிக்கும் நேரத்தில் சலப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு தசைக்குள் இறங்காதவை. அவற்றைக் கமரா வழியாகவே சுரண்டி எடுத்து, மருந்து விட்டு, தொடர்ந்து பார்த்துக் கட்டுப்படுத்தலாம். தெல்லிப்பழை என்ற பேரைக் கேட்டதும் அழுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

அறிக்கையில் ‘அழற்சி மட்டும்’ என்று வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எதனால் வந்த அழற்சி? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்? முதலாவதுக்குப் பதில் இருந்தால், தொற்று, கல், காசநோய், குழாய் எதுவானாலும், அதற்கு மருந்து செய்து மீண்டும் சலம் பார்க்கலாம். பதில் இல்லையென்றால் இரண்டாவது கேள்விக்கு ஒரு திகதி வேண்டும். எடுத்த துண்டில் தசையும் இருந்ததா என்றும் கேட்கலாம். தசை இல்லாவிட்டால், ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அறிக்கையால் சொல்லமுடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் அதே கண்ணாடித் தகட்டை இன்னொரு நிபுணர் பார்க்கக் கேட்பதும் முறைதான்.

அறிக்கை வரச் சில கிழமை ஆகும். யாரும் கூப்பிடவில்லை என்றால் ‘நல்லதாக்கும்’ என்று இருந்துவிடாதீர்கள். துண்டு எடுத்த நாளிலேயே பரிசோதனை இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இருந்தால், வேறு வார்டுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ மாறிப் போனாலும் அறிக்கையைத் தேடி எடுக்கலாம். பிரதி ஒன்றை வாங்கி, பழைய ஸ்கான் துண்டுகளோடு ஒரே ஃபைலில் போட்டு, மழை நனையாத இடத்தில் வையுங்கள்.